மருந்து அறைக்குள் போக வேண்டிய பாடம்

விருதுநகர் மாவட்டம் முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று ஒரு பட்டாசு ஆலை வெடித்ததில் 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. முதல் வெடிச்சத்தம் கேட்டதும், உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றவும் என்ன ஆயிற்று என்று பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அடுத்தடுத்து வெடித்த சரக்கில் அவர்கள் சிக்கிக்கொண்டார்கள்.

கிணற்றில் பிள்ளை விழுந்தால் நீச்சல் தெரியாதவரும் குதித்துவிடுகிற ஊர்கள் அவை. ஆபத்தில் இருப்பவரை நோக்கி ஓடுவது அந்த மண்ணின் குணம். பட்டாசு ஆலையில் மட்டும் அந்தக் குணமே ஆளைக் கொன்றுவிடும். ஓர் அறை வெடித்தால் பக்கத்து அறையில் இருப்பவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, வெடித்த இடத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓட வேண்டும். வெளியே இருப்பவர் உள்ளே வரக் கூடாது. அறிவிப்புப் பலகையைப் பார்த்து இதைக் கற்றுக்கொள்ள முடியாது. உட்கார வைத்துச் சொல்லி, நடந்து காட்டி, திரும்பத் திரும்பச் செய்ய வைத்தால்தான் பதற்றத்தில் கால் சரியான பக்கம் போகும். ஆலையைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கும் இந்தப் பாடம் வேண்டும்.

பணியிடப் பாதுகாப்புப் பயிற்சி என்று நாடெங்கும் நடப்பவற்றில் இதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது?

தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் 1966 மார்ச் 4 அன்று தொடங்கப்பட்டது. அந்த நாளை 1972 முதல் தேசியப் பாதுகாப்பு தினமாகக் கடைப்பிடிக்கிறோம். தொழிற்சாலைகளில் கொடியேற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், வாசகப் போட்டியும் ஓவியப் போட்டியும் வைத்துப் பரிசு கொடுப்பார்கள். ஏப்ரல் 28 சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பணியிடப் பாதுகாப்பு நாள். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம், அன்று மரக்கன்று. இந்த நாட்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது நிர்வாகியும் தொழிலாளியும் ஒரே பந்தலில் நின்று இதைப் பற்றிப் பேசுவது நல்லதுதான். ஆனால் எத்தனை நிகழ்ச்சி நடத்தினோம், எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்ற கணக்கே பாதுகாப்பின் கணக்காகிவிடும்போது கோளாறு தொடங்குகிறது. கையெழுத்துப் போட்டவர் மறுநாள் காலை வேலையை வேறு மாதிரி செய்தாரா என்பதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க சிவகாசியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. அங்கே ஒரு தவறுக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை.

கற்றுக்கொண்டு வந்த தொழில்

சிவகாசியின் தொழில் வரலாறே ஒரு பயிற்சியில்தான் தொடங்குகிறது. மழை பொய்த்த கரிசல் பூமியில் பிழைப்புக்கு வழி தேடி 1922-ல் ப.அய்ய நாடாரும் அ.சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் விதத்தைக் கூடவே இருந்து கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது, அச்சுத் தொழிலும் வந்தது. இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. வெடிமருந்து காய்வதற்கு வாகான அந்த வறட்சிதான் தொழிலுக்கு மூலதனம்.

அந்தப் பக்கத்தில் உரிமத்தை வைத்துத்தான் ஆலையைச் சொல்வார்கள். நாக்பூர் லைசன்ஸ், சென்னை லைசன்ஸ், டி.ஆர்.ஓ. லைசன்ஸ் என்று மூன்று வகை. மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைமையகம் நாக்பூரில் இருப்பதால் வந்த பெயர் முதலாவது. பெரிய ஆலை அது. டி.ஆர்.ஓ. லைசன்ஸ் என்றால் மாவட்ட நிர்வாகம் கொடுத்த சிறிய உரிமம். எந்த உரிமமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றேதான்.

ஓர் அறையை நினைத்துப் பாருங்கள். அடுத்த அறையிலிருந்து விலகித் தனியாக நிற்கும் சிறு கட்டடம். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். தள்ளினால் திறந்துகொள்ள வேண்டும், இழுத்துத் திறக்க நேரம் இருக்காது. தரையில் ரப்பர் விரிப்பு. நுழையும்போது கை வைப்பதற்கு வாசலில் செம்புத் தகடு. உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். செல்போன் வாசல் காவலரிடம். கொலுசு, வளையல், கொண்டை ஊசி கூடாது. சேலைக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அது பருத்தியாக இருக்க வேண்டும். நைலான், பாலியஸ்டர் துணி உரசினால் பொறி வரும், தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சிறப்புச் சீருடைகளைப் பற்றிய விளக்கப் படங்களெல்லாம் இருக்கின்றன. இந்தத் தொழிலாளிக்கு முதலில் தேவைப்படுவது இரண்டு செட் பருத்தி உடுப்பு.

அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இரும்புக் கருவி கூடாது. மருந்துப் பெட்டியைத் தூக்கி வைக்க வேண்டும், தரையில் இழுக்கக் கூடாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

இந்த விதிகளைத் தொழிலாளர்கள் அறிந்தே இருக்கிறார்கள். அறிந்தும் அவை ஏன் மீறப்படுகின்றன என்பதற்குள் போகுமுன், ஏன் அந்த விதிகள் என்பதைப் பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் சொல்லிக்கொடுக்கும் விதி, மேற்பார்வையாளர் கண் மறைந்ததும் மறைந்துவிடும்.

மறுநாளைக்கு மருந்து வைக்கக் கூடாது என்பதை எடுத்துக்கொள்வோம். அலுமினியத் தூளும் வெடியுப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் வினை தொடங்கிவிடும். மெல்லச் சூடேறும், அம்மோனியா வாடை வரும். கவனிக்காமல் விட்டால், யாரும் தொடாமலே பற்றிக்கொள்ளும். இந்த வினையை அடக்கத்தான் கலவையில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பார்கள். மழை தூறிய மாலையில் மூடி வைத்த மிச்ச மருந்தை மறுநாள் காலை சல்லடையில் கொட்டும் கை எதைத் தொடுகிறது என்பது இப்போது புரியும். ‘மீதியை அழித்துவிடு’ என்று சொல்வது உத்தரவு. ‘இந்த வாடை வந்தால் கிட்டே போகாதே, ஆளை வெளியேற்று’ என்று முகரக் கற்றுக்கொடுப்பதுதான் பயிற்சி.

கந்தகத்தையும் குளோரேட்டையும் சேர்க்கக் கூடாது என்ற தடையும் அப்படியே. கந்தகத்தில் இயல்பாகவே இருக்கும் சிறு அமிலத்தன்மை குளோரேட்டோடு சேர்ந்தால், லேசான உராய்வே போதும், வெடித்துவிடும். இந்தக் கூட்டை மத்திய அரசு 1992-லேயே தடை செய்தது. இதை அறிந்த ஒருவர் மூட்டையின் மேலுள்ள பெயரைப் படிக்காமல் பிரிக்க மாட்டார். படிப்பதற்கு அந்தப் பெயர் தமிழில் எழுதியிருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1984-ல் நச்சுவாயு கசிந்து பேரழிவு நேர்ந்த போபால் யூனியன் கார்பைடு ஆலையின் இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை வைத்து வேலை செய்த பலருக்கு அந்த மொழி சரளமில்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, வேலையில் உள்ள ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று எழுதினார்கள். பயிற்சி பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாகவே அந்தத் திருத்தம் ஏற்றது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்குப் பணியிடப் பாதுகாப்புக்கான புதிய சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. போபாலில் உயிர்விலை கொடுத்துப் பெற்ற அந்த உரிமை புதிய விதிகளில் நீர்த்துப்போகாமல் பார்த்துக்கொள்வது தொழிற்சங்கங்களின் வேலை.

கூலிக் கணக்கும் குத்தகையும்

சிவகாசியில் பட்டாசுத் தொழிலாளர்களுக்கென்றே தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் பயிற்சி மையம் நடத்துகிறது. போர்மேன்கள், மேற்பார்வையாளர்கள், மருந்து கலப்பவர்கள் அங்கே வந்து வகுப்பில் உட்காருகிறார்கள். ஆலைகள் ஆட்களை அனுப்பியாக வேண்டும் என்று மாவட்ட நிர்வாகமும் நெருக்குகிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு இது.

அப்படியிருந்தும் விபத்துகள் நின்றபாடில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம். 2024 பிப்ரவரியில் ராமுத்தேவன்பட்டி, அதே ஆண்டு மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் நாளே சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வரும் விசாரணைச் செய்திகளில் அதே வரிகள்தான். ஓர் அறையில் அனுமதித்ததைவிட அதிக ஆட்கள். அறைக்கு வெளியே மரத்தடியில் வைத்து வேலை. உராய்வு. உள்குத்தகை.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் ஆலையை இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடுவார். குத்தகை எடுத்தவர் அதை அறை அறையாகப் பிரித்து நாலைந்து பேருக்கு உள்குத்தகைக்கு விடுவார். சட்டப்படி இது கூடாது. அச்சங்குளம் விபத்தைத் தானாக முன்வந்து விசாரித்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், முன்னாள் நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. அங்கேயும் உள்குத்தகை நடந்திருந்ததை அக்குழு கண்டது. அறையை எடுத்தவருக்கு ஒரு பருவம்தான் கணக்கு. தீபாவளிக்குள் போட்டதை எடுக்க வேண்டும். பயிற்சிக்குப் போன போர்மேன் உரிமக்காரரின் ஆள். அறையில் வேலை வாங்குவது உள்குத்தகைக்காரரின் ஆள். அப்படியானால் வகுப்பில் கேட்ட பாடம் எந்த வழியாக அறைக்குள் போகும்?

அடுத்தது கூலி. மருந்து செலுத்துவதும், திரி வைப்பதும், சுருட்டுவதும் பெரும்பாலும் எண்ணிக்கைக் கூலியில் நடக்கும் வேலைகள். எத்தனை குழாய் முடித்தார்களோ அத்தனைக்குத்தான் காசு. பெட்டியைத் தூக்கி வைத்தால் நேரமாகும், இழுத்தால் சீக்கிரம். நாலு பேர் அறையில் ஆறு பேர் உட்கார்ந்தால் வேலை மளமளவென நகரும். பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்காக இன்னும் நூறு குழாய் சேர்த்து முடிக்க நினைக்கும் ஒரு தாயைப் பார்த்து ‘அலட்சியம்’ என்று எழுதும் அறிக்கையை என்னால் ஏற்க முடியாது. வேகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு நிதானத்தைப் போதிப்பது எந்தப் பயிற்சியாளராலும் ஆகாத காரியம். பயிற்சி வகுப்புக்குப் போகும் நாளில் கூலி கிடைக்காது என்றால், அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் மனம் எதில் இருக்கும்?

மருந்து கலக்கும் வேலைக்கும், பேன்சி ரகங்களுக்காக மணிமணியாக உருட்டும் மணி மருந்து தயாரிக்கும் வேலைக்கும் மாதச் சம்பளம் என்று மாற்றுவதுதான் முதல் சீர்திருத்தம் என்பது என் முடிவு. கண்காணிப்புக் கேமராவும் தலைக்கு மேல் பறக்கும் டிரோனும் அதற்குப் பிறகு வரட்டும்.

பேரியம் போன பிறகு

சுற்றுச்சூழலைக் காப்பதும் தொழிலாளியைக் காப்பதும் வெவ்வேறு துறைகள் என்ற நினைப்பு நம் அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. முன்னதற்கு ஒரு வாரியம், பின்னதற்கு ஓர் இயக்ககம், இரண்டுக்கும் தனித்தனிக் கருத்தரங்கு. சிவகாசியில் இந்தப் பிரிவினை செல்லாது.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. சரவெடியும் கூடாது என்றது. பசுமைப் பட்டாசு மட்டுமே செய்ய வேண்டும் என்றது. டெல்லியின் காற்றைக் காக்க எழுந்த வழக்கு அது, அதன் நியாயத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தீர்ப்பின் சுமை முதலில் இறங்கியது சிவகாசியின் மேல்தான். ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பச்சை ஒளிக்கும், எரிவதற்கான ஆக்சிஜனுக்கும் பேரியம் நைட்ரேட்டைத்தான் அத்தனை ஆண்டுகளும் நம்பியிருந்தார்கள். நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் பேரியம் இல்லாத மாற்றுக் கலவைகளை உருவாக்கி, 2019-ல் பசுமைப் பட்டாசை அறிமுகம் செய்தது. பழையதைவிடக் குறைந்தது 30 சதவீதம் மாசு குறைவு என்பது அதன் அளவுகோல். மூலப்பொருளையும் கலவையையும் சோதிக்க சிவகாசியிலேயே ஓர் ஆய்வு வசதியையும் நீரி திறந்தது.

பேரியம் நச்சு. வானத்தில் போய் வெடிக்கும் வரை அதை அள்ளியதும் சலித்ததும் சுவாசித்ததும் மருந்து அறையில் இருந்தவர்கள். அது ஒழிந்ததில் முதல் நன்மை டெல்லிக்காரருக்கு முன்னால் அவர்களுக்குத்தான் சேர வேண்டும். இதை அவர்களுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? பசுமைப் பட்டாசு என்றால் பிழைப்பைக் கெடுக்க வந்த சட்டம் என்றுதான் அது ஊருக்குள் வந்து சேர்ந்தது. ‘உன் நுரையீரலுக்கும் இது நல்லது’ என்ற ஒரு வரியோடு வந்திருந்தால் வரவேற்பு வேறு மாதிரி இருந்திருக்கும்.

கலவை மாறும்போது அதன் குணமும் மாறும். எவ்வளவு உராய்வைத் தாங்கும், ஈரத்தில் என்ன செய்யும், எந்தச் சூட்டில் பற்றும் என்பதெல்லாம் புதிதாகப் படிக்க வேண்டியவை. இருபது ஆண்டு அனுபவம் உள்ள கை பழைய மருந்துக்குப் பழகிய கை. புதிய மருந்து முன்னால் அந்த அனுபவமே அளவுக்கு மீறிய தைரியத்தைக் கொடுத்துவிடக்கூடும். ஆகவே ஒரு கலவைக்கு ஒப்புதல் கொடுக்கும்போதே, அதைக் கையாளும் பயிற்சியும் சேர்ந்தே வர வேண்டும். ஆய்வகத்தில் சூத்திரம் எழுதிய விஞ்ஞானி, சல்லடை பிடிக்கும் தொழிலாளிக்கு எதிரே உட்கார்ந்து ஒருமுறை பேச வேண்டும். கோவையிலும் சென்னையிலும் குளிரூட்டிய அரங்குகளில் நடக்கும் நிலைத்த வளர்ச்சி மாநாடுகளில் பத்தில் ஒன்றைச் சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்துங்கள். மேடையில் பாதி நாற்காலிகளைப் போர்மேன்களுக்கும் பெண் தொழிலாளர்களுக்கும் கொடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் ஆய்வுக் கட்டுரைகளுக்கே உதவும்.

பெண்கள் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்தத் தொழிலாளர்களில் பெண்கள் ஏராளம். செங்கமலப்பட்டியிலும் ரெங்கபாளையத்திலும் இறந்தவர்களில் பலர் பெண்கள். ஆனால் போர்மேன் என்ற சொல்லிலேயே ஆண்தான் இருக்கிறார். பதினைந்து வருடம் மருந்து செலுத்திய ஒரு பெண்ணுக்கு உரிய பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து, அறைக்குப் பொறுப்பாக்கி, அதற்கான சம்பளமும் கொடுத்தால், அதிக ஆளை உள்ளே உட்கார வைக்கும்போது ‘முடியாது’ என்று சொல்ல ஒரு குரல் அந்த அறையிலேயே இருக்கும். அந்த ‘முடியாது’க்காக அவர் வேலை போகாது என்ற பாதுகாப்பையும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

தீக்காய முதலுதவி ஆலையில் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது, ஊருக்கே வேண்டும். பேனா மையும் தோசை மாவும் பற்பசையும் தடவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இன்னமும் உண்டு. ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுவது, சுத்தமான துணியால் தளர்வாக மூடுவது, ஒட்டிய துணியைப் பிய்க்காமல் விடுவது. இவ்வளவுதான் பாடம். வெம்பக்கோட்டை வட்டாரத்தின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு பிற்பகலில் இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். வெடித்த ஆலைப் பக்கம் ஓடக் கூடாது என்ற முதலிப்பட்டியின் பாடத்தையும் அதே பிற்பகலில் சேர்த்துக்கொள்ளலாம்.

விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசு ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. அந்த உதவியைப் பெற வேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை கூடாமல் இருப்பதற்கான செலவையும் நிதிநிலை அறிக்கையில் பார்க்க வேண்டும்.

அரசிடம் கேட்பவை இவை: பயிற்சி நாளுக்கு முழுக் கூலி. கலவை, மணி மருந்து வேலைகளுக்கு மாதச் சம்பளம். உரிமம் புதுப்பிக்கும்போது அறைவாரியாகப் பயிற்சி பெற்றவர்களின் பட்டியல். உள்குத்தகை கண்டால் உரிமக்காரரின் மேல் வழக்கு. இதில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை.

வாசகரிடம் கேட்பது ஒன்றுதான். வரும் தீபாவளிக்குப் பட்டாசு வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஆலையின் பெயரும் முகவரியும் பசுமைப் பட்டாசு முத்திரையும் கியூ.ஆர். குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெயரில்லாத அந்தப் பெட்டி, உரிமமும் பயிற்சியும் இல்லாத ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் செய்ததாக இருக்கலாம்.